லவ் பேர்ட்ஸ் கூண்டில் மணலும் கல்லும் வைக்க வேண்டுமா?

புதுக்கூண்டு:

முதல் முறையாக ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கியிருக்கிறோம். கடையில் தினை, கணவாய் ஓடு, கூடவே ‘கிரிட்’ என்று ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்கள். பிரித்தால் ஆற்று மணல் மாதிரி ஏதோ இருக்கிறது, நடுநடுவே வெள்ளையும் சிவப்புமாகத் துணுக்குகள். ‘பறவைக்குப் பல் கிடையாது, இது இல்லாவிட்டால் செரிக்காது’ என்றார் கடைக்காரர். யூடியூபில் ஒருவர் கட்டாயம் வையுங்கள் என்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், வைத்தால் வயிறு அடைத்துச் செத்துவிடும் என்கிறார். இரண்டு பேருமே பல வருட அனுபவம் உள்ளவர்களாம்! காரணத்தோடு யாராவது சொன்னால் நல்லது.

மாடிப்புறா:

வைக்க வேண்டும் தம்பி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நான் புறாக்காரன். வடசென்னையில் மாடியில் புறா வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். செங்கல் உடைத்த துண்டு, கிளிஞ்சல், கரி, கொஞ்சம் கல் உப்பு எல்லாம் கலந்து ஒரு சட்டியில் எப்போதும் இருக்கும். குஞ்சு வைத்திருக்கிற ஜோடி அந்தச் சட்டியை விட்டு நகராது. கொண்டைக்கடலையையும் மக்காச்சோளத்தையும் புறா அப்படியே முழுசாக விழுங்குகிறது. உள்ளே கல் இல்லாமல் அதை எது அரைக்கும்? கிளியானாலும் புறாவானாலும் வயிறு வயிறுதான்.

பச்சைமஞ்சள்:

அண்ணே, புறாவுக்கு நீங்கள் சொல்வது சரி. லவ் பேர்ட்ஸ் புறா இல்லையே.

புதுக்கூண்டு, நீங்கள் வாங்கியிருப்பது பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளி. நம் ஊர்க் கடைகளில்தான் அதற்கு லவ் பேர்ட்ஸ் என்று பெயர். அது தினை தின்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு மணியை எடுக்கும். நாக்கால் அதை மேல் அலகின் உட்பக்க வரிகளில் அழுத்திப் பிடித்து உருட்டும். கீழ் அலகின் விளிம்பால் ஒரு நெறி. உமி வெளியே விழும், உள்ளே இருக்கிற அரிசி மட்டும் தொண்டைக்குள் போகும். இவ்வளவும் நடக்க ஒரு நொடிகூட ஆகாது. புறாவோ கோழியோ காடையோ இந்த வேலையைச் செய்வதில்லை, உமியோடு விழுங்கிவிடும். கடினமான மேல்தோல் உள்ளே போனால்தான் அதை உடைக்கக் கல்லின் துணை வேண்டும். வாயிலேயே உரித்துவிட்டுப் போகிற பறவைக்கு அந்தத் தேவை மிகக் குறைவு.

இதே காரணத்தால் வரும் இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். தின்றபின் கிண்ணத்தின் மேலே உமி தங்கிவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பது போலவே தெரியும். ‘தீனி இருக்கிறதே’ என்று விட்டுவிடுவார்கள், பறவை பட்டினி கிடக்கும். தினமும் வாயால் ஊதி உமியைப் பறக்கவிட்டுப் பாருங்கள்.

சும்மா_படிப்பவன்:

அப்படியானால் பொட்டலம் கடைக்காரருக்குச் செரிப்பதற்காக.

கூண்டுவைத்தியர்:

கால்நடை மருத்துவராக இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் பதில் சொல்கிறேன். முதலில் வயிறு.

தானியம் முதலில் தீனிப்பையில் ஊறுகிறது. அடுத்து சுரப்பி இரைப்பை. அமிலமும் பெப்சினும் அங்கேதான் சுரக்கின்றன. அதன்பின் அரைவைப்பை. கோழிக்கடையில் ஈரலோடு கெட்டியான ஒரு தசைத் துண்டு போடுவார்களே, அதுதான். அறுத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் உரித்தெடுக்கக்கூடிய ஒரு தோல் இருக்கும். கொய்லின் என்று பெயர். அதன் அடியில் உள்ள சுரப்பிகளின் நீரே இறுகி அந்தத் தோலாகிறது, தேயத் தேயக் கீழிருந்து புதிதாக வரும். கோழியில் இந்தத் தசை நிமிடத்துக்கு 2, 3 முறை சுருங்கி விரிகிறது. உள்ளே கல் இருந்தால் உரலுக்குள் உலக்கை போட்ட மாதிரி வேலை சீக்கிரம் நடக்கும். கல் இல்லாவிட்டாலும் தசை அரைக்கத்தான் செய்யும், மெதுவாக.

ஆகவே ‘கல் இல்லாவிட்டால் செரிக்கவே செரிக்காது’ என்பது கோழிக்குக்கூட முழு உண்மை இல்லை. அரைத்த தீவனம் மட்டும் தின்னும் பண்ணைக் கோழி கல்லே இல்லாமல் வளர்கிறது. முழுத் தானியம் கொடுத்தால் கல் நன்றாக உதவும்.

இரண்டாவது விஷயம் முக்கியம். கடையில் ‘கிரிட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கிறார்கள். ஒன்று கரையாதது: கருங்கல் பொடி, குவார்ட்ஸ் மணல். அரைவைப்பையில் தங்கி அரைப்பதற்கு உதவுவது இதுதான். மற்றொன்று கரைவது: கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல், கணவாய் ஓடு. இவை அமிலத்தில் கரைந்து கால்சியமாக உடம்பில் சேரும், அரைப்பதற்கு அதிகம் பயன்படாது. பெரும்பாலான சண்டையே ஒருவர் முதலாவதை நினைத்துப் பேச, மற்றவர் இரண்டாவதை நினைத்துப் பேசுவதால் வருகிறது. கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டுங்கள், தாராளமாக. மணலை எடுத்துவிடுங்கள்.

மணல் ஏன் வேண்டாம் என்றால், ஆரோக்கியமான பறவை அளவோடுதான் எடுக்கும். உடம்பு சரியில்லாத பறவை, குறிப்பாக ஈரலோ வயிறோ கெட்டிருக்கும் பறவை, சில சமயம் நிறுத்தாமல் மணலை விழுங்கும். மணல் இரைப்பையில் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும். அப்புறம் செய்வதற்கு அதிகம் இருக்காது. தேவை சொற்பம், ஆபத்து நிஜம். அதனால்தான் வீட்டுக் கிளிகளுக்கு மணல் வைக்க வேண்டாம் என்று பறவை மருத்துவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

மாடிப்புறா:

டாக்டர் சார், மரியாதையாகவே கேட்கிறேன். சிட்டுக்குருவியும் வாயில் நெல்லை உரித்துத்தான் தின்கிறது. ஆனால் தெருவில் மணல் பொறுக்குவதை நானே பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் கோபுரப் பொந்துகளில் இருக்கிற பச்சைக்கிளிகள் பழைய காரையைக் கொத்துகின்றன. உரித்துத் தின்கிற பறவைக்குத் தேவையில்லை என்றால் இவையெல்லாம் சும்மாவா கொத்துகின்றன? யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பறவை ஒன்றைத் தேடிப் போகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஏரிக்கரை:

நல்ல கேள்வி. ‘உரித்தால் கல் வேண்டாம், உரிக்காவிட்டால் வேண்டும்’ என்ற விதி மேலோட்டமாகச் சரி. ஆனால் குருவி அதற்கு அடங்காது. சிட்டுக்குருவியின் அரைவைப்பையில் மணல் துணுக்குகள் இருப்பது சாதாரணம். உமி போன பிறகும் உள்ளிருக்கும் பருப்பு கெட்டியாக இருந்தால் அரைத்தாக வேண்டும். காட்டுக் கிளிகளிலும் சிலவற்றின் வயிற்றில் கல் கிடைத்திருக்கிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. என்ன தின்கிறது என்பதைப் பொறுத்துத்தான். தேன் குடித்து வாழும் லோரிகீட் கிளிகளின் அரைவைப்பை மெலிந்தே இருக்கும். அதற்குக் கல் எதற்கு?

‘வயிறு வயிறுதான்’ என்றீர்கள். புறாக்களுக்குள்ளேயே அப்படி இல்லை அண்ணா! நம் ஆலமரத்துக்கு வரும் பச்சைப்புறா ஆலம்பழ விதையையும் அரைத்துவிடும். தடித்த அரைவைப்பை, உள்ளே கல். மேற்கு மலைத் தொடரில் இம்பீரியல் பிஜன் என்று பெரிய காட்டுப்புறா ஒன்று உண்டு. அது பழத்தை முழுசாக விழுங்கி, சதையைச் செரித்து, கொட்டையை அப்படியே வெளியே விடும். அதன் அரைவைப்பை மெல்லிய சுவர் கொண்டது. ஒன்று விதையைக் கொல்கிறது, இன்னொன்று காட்டுக்கு விதைக்கிறது.

இன்னும் வேடிக்கை, ஒரே பறவை வருடத்துக்கு இரண்டு வயிறு வைத்துக்கொள்வது. ஐரோப்பாவில் நாணல் காடுகளில் வாழும் பியர்டட் டிட் என்ற சின்னப் பறவை கோடையில் பூச்சி தின்னும். குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது, நாணல் விதைக்கு மாறும். அப்போது அதன் அரைவைப்பை தடிக்கும், நூற்றுக்கணக்கில் சின்னக் கற்களை விழுங்கிக்கொள்ளும். சேற்று நிலத்தில் கல்லுக்கு எங்கே போவது? இங்கிலாந்தின் லங்காஷயரில் லேட்டன் மாஸ் என்ற சதுப்பு நிலக் காப்பகத்தில் அதற்கென்றே தட்டுகளில் மணல்கல் வைக்கிறார்கள். இலையுதிர் காலக் காலைகளில் அந்தத் தட்டுக்கு வரும் பறவைகளைப் படமெடுக்க ஒரு கூட்டமே கேமராவோடு நிற்கும். தேவைப்படும் பருவத்தில் தேடி வருகிறது, கோடை வந்தால் விட்டுவிடுகிறது.

மாடிப்புறா:

அதைத்தானே நானும் சொல்கிறேன், தேவை வந்தால் பறவையே எடுத்துக்கொள்ளும் என்று! வைத்துவிட்டால் வேண்டியதை எடுக்கும், வேண்டாததை விடும்.

கூண்டுவைத்தியர்:

காட்டில் எடுக்கும், விடும். கூண்டில் பறவைக்கு வேறு வேலை இல்லை. சலிப்பிலும் கொத்தும், கால்சியம் குறைந்தாலும் கொத்தும், நோய் வந்தாலும் கொத்தும். மணலில் இருப்பது கால்சியம் இல்லை என்று அதற்குத் தெரியாது.

உங்கள் கோபுரக் கிளிகள் கொத்துவது சுண்ணாம்புக் காரை என்பதையும் கவனியுங்கள். அது கரைகிற பொருள். அவை அரைக்கக் கல் தேடுகின்றன என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கோழிக்கொட்டகை:

நாமக்கல் பக்கத்திலிருந்து. கால்சியம் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 கிராம் கால்சியம் வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் போய்விடும். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. ராத்திரியில் கோழி தின்னாது. எல்லாச் சுண்ணாம்பையும் மாவாக அரைத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் குடலைத் தாண்டிவிடும். அதனால் ஒரு பகுதியைக் குருணை அளவில் கிளிஞ்சலாகவோ சுண்ணாம்புக்கல்லாகவோ போடுவோம். அது அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். ஓடு கெட்டியாக வரும். ஆக, கரைகிற கிரிட்டும் அரைவைப்பையில் தங்குவதால்தான் பயன்படுகிறது. டாக்டர் சொன்ன இரண்டு வகையும் உண்மை. ஆனால் தங்கும் இடம் ஒன்றுதான்.

மேய்ச்சல் நாட்டுக்கோழிக்கு நாங்கள் எதுவும் வைப்பதில்லை, அதுவே கிளறி எடுத்துக்கொள்ளும். வலைக்குள் அடைத்து முழுச் சோளம், கம்பு போடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் சின்ன ஜல்லி போடுங்கள்.

பழைய_ஏடு:

‘கல் தேவையா, பழக்கமா’ என்ற இந்தச் சண்டைக்கு வயது அதிகம். 17ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகர அறிவியல் கழகத்தார் கோழி, வாத்துகளுக்குக் கண்ணாடி மணி விழுங்கக் கொடுத்து அது பொடியாவதைப் பார்த்தார்கள். 1752இல் பிரான்ஸின் ரியோமூர் உலோகக் குழாய்களை விழுங்க வைத்தார், வான்கோழியின் வயிறு அவற்றை நசுக்கித் தட்டையாக்கிவிட்டது. அதன்பின் இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி வந்தார். ஈய உருண்டையில் ஊசிகளைக் குத்தி வான்கோழிக்குக் கொடுத்தார், அப்புறம் அறுவைக் கத்தி முனைகளையே கொடுத்தார். முனைகள் ஒடிந்தன, மழுங்கின. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. (இன்று யாரும் இதைச் செய்ய அனுமதி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது.)

கல் இல்லாமல் வளர்த்த குஞ்சுகளின் வயிறும் அரைப்பதைப் பார்த்துவிட்டு, கல் அவசியமே இல்லை, பறவை தானியத்தோடு சேர்த்துத் தெரியாமல் விழுங்குகிறது என்ற முடிவுக்கு ஸ்பல்லன்சானி போனார். லண்டன் மருத்துவர் ஜான் ஹன்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் கருத்தில் இருவரும் பாதிப் பாதி. இல்லாமலும் நடக்கும் என்பதில் ஸ்பல்லன்சானி சரி. தெரியாமல் விழுங்குகிறது என்பது தவறு. பறவை அளவு பார்த்துப் பொறுக்குகிறது. கல் கிடைக்காத காலத்தில் உள்ளே இருப்பதை வெளியே விடாமல் நெடுநாள் வைத்துக்கொள்கிறது, தாராளமாகக் கிடைத்தால் பழையதைச் சீக்கிரம் கழிக்கிறது. தற்செயலாகப் போனதை இப்படிக் கணக்காக யாரும் வைத்துக்கொள்வதில்லை.

சும்மா_படிப்பவன்:

டைனோசரும் கல் தின்றது என்று எங்கோ படித்தேனே?

பழைய_ஏடு:

எல்லாம் இல்லை. கிளி மூக்கு மாதிரி அலகு இருந்ததால் சிட்டகோசாரஸ் என்று 1923இல் பெயர் வைக்கப்பட்ட டைனோசர் ஒன்று உண்டு, மங்கோலியாவில் கிடைத்தது. சில எலும்புக்கூடுகளில் வயிறு இருந்த இடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்கள் இருந்தன. நீண்ட கழுத்துள்ள பெரிய டைனோசர்களும் அப்படித்தான் அரைத்தன என்று நெடுநாள் நம்பினார்கள். நெருப்புக்கோழியின் கல் எடையோடு ஒப்பிட்டு 2007இல் வந்த ஆய்வு, அவற்றின் உடம்பு அளவுக்கு அந்தக் கற்கள் மிகச் சொற்பம், அரைக்கப் போதாது என்று காட்டியது.

ஏரிக்கரை:

கிளிகளுக்கே திரும்புகிறேன். பெரு நாட்டில் தம்போபட்டா ஆற்றங்கரை மண் சுவர்களில் நூற்றுக்கணக்கான மக்காவ் கிளிகள் ஒட்டிக்கொண்டு மண் தின்னும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘பாருங்கள், கிளி கிரிட் தின்கிறது’ என்று அதைப் பகிர்கிறார்கள். அது கிரிட்டே இல்லை. அவை தேடுவது மாவு போன்ற நைசான களிமண், அதில் எதையும் அரைக்க முடியாது.

எதற்கு என்பதில் இரண்டு கட்சி. பழுக்காத காயிலும் விதையிலும் உள்ள நச்சை அந்தக் களிமண் பிடித்துக்கொள்கிறது என்பது ஒன்று. வளர்ப்பு அமேசான் கிளிகளுக்குக் குவினிடின் என்ற நச்சுத்தன்மையுள்ள தாவரப் பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது, களிமண் சேர்த்துக் கொடுத்தவற்றின் ரத்தத்தில் அது வெகுவாகக் குறைந்தது. 1999இல் வெளியான ஆய்வு இது. மற்ற கட்சி, உப்புக்காக என்கிறது. கடலிலிருந்து தூரமான மேற்கு அமேசானில் சோடியம் அரிது, கிளிகள் தேர்ந்தெடுக்கும் மண் அடுக்கில் சோடியம் கூடுதல். எனக்கு உப்புக் கட்சிதான் பலமாகத் தோன்றுகிறது. ஒரே சுவரில் ஒரு பட்டையை மட்டும் தேர்ந்து தின்பதை அது நன்றாக விளக்குகிறது. மாடிப்புறா அண்ணா சட்டியில் போடும் கல் உப்புக்கும் இதே தர்க்கம்தான்.

கால்சியத்துக்கு இன்னொரு கதை. மடகாஸ்கரைச் சேர்ந்த வாசா கிளிகள் சில இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பூங்காவில் இருக்கின்றன. கூண்டுத் தரையில் சிப்பி ஓடுகள் கிடந்தன. கிளிகள் கூழாங்கல்லையும் பேரீச்சங்கொட்டையையும் அலகில் பிடித்து, ஓட்டின் உட்பக்கத்தில் தேய்த்து, வந்த பொடியை நக்கின! 10 பறவைகளில் 5 இதைச் செய்தன. 2015இல் வெளியானது. இனப்பெருக்கக் காலத்துக்குச் சற்று முன் இது அதிகம், செய்தவை பெரும்பாலும் ஆண்கள். பெண்ணுக்கு ஊட்டிவிடும்போது அந்தக் கால்சியமும் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கல்லை விழுங்காமல் கருவியாக்கிக்கொண்ட கிளி!

வயல்வெளி:

விவசாயிகள் சார்பில் ஒரு வார்த்தை. பறவை கல் பொறுக்கும் பழக்கம் வயலில் அதன் உயிரையே வாங்கும். நாம் போடும் குருணை மருந்து பார்ப்பதற்கு மணல் துணுக்கு மாதிரிதான் இருக்கும். கார்போஃபியூரான் குருணை கலந்த மண்ணில் கௌதாரி, புறா, மயில் பொறுக்கினால் சில குருணைகளே போதும். அமெரிக்காவில் பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு 1990களின் தொடக்கத்தில் அந்தக் குருணையை ஒதுக்க ஆரம்பித்தார்கள். மருந்து போட்டால் மண்ணுக்குள் மூடுங்கள், வரப்பில் சிந்தியதைக் கூட்டி எடுங்கள்.

ஏரிக்கரை:

வேட்டைக்காரர்கள் சுட்ட ஈயக் குண்டுகளும் அப்படித்தான். ஏரியின் அடியில் கிடக்கும் குண்டைக் கல் என்று வாத்து விழுங்கும். அரைவைப்பை அதை அரைத்து அரைத்து ரத்தத்தில் ஈயத்தைக் கலந்துவிடும். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை நாடு முழுக்கத் தடை செய்தது. இதே பழக்கத்தை நல்லதுக்கும் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டனின் மரமில்லாத புதர் மேடுகளில் வாழும் கிரௌஸ் பறவைக்குக் குடல்புழு வந்தால் பிடித்து மருந்து ஊட்ட முடியாது. குவார்ட்ஸ் துணுக்கில் கொழுப்போடு புழு மருந்தைப் பூசி வைத்துவிடுவார்கள், அதுவே வந்து விழுங்கிக்கொள்ளும்.

புதுக்கூண்டு:

எல்லாருக்கும் நன்றி. வாங்கிய நாளிலிருந்து கிண்ணத்தில் அந்த மணல் இருந்தது. இன்று எடுத்துவிட்டேன். ஏற்கெனவே தின்றிருந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டில் ஒரு பச்சைக்கிளி வைத்திருக்கிறார்கள், அவர்களும் கேட்கிறார்கள்.

கூண்டுவைத்தியர்:

நன்றாகத் தின்று, பறந்து, எச்சம் வழக்கம் போல இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், தானே கழியும். இறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாலோ, தின்றதைக் கக்கினாலோ, எச்சத்தில் முழுத் தானியம் வந்தாலோ, எச்சமே குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் ஊற்றுவது மாதிரி வீட்டு வைத்தியம் செய்ய வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே கொன்றுவிடும்.

பக்கத்து வீட்டுப் பச்சைக்கிளி வேறு விவகாரம். லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம், வளர்க்கலாம். நம் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2022 திருத்தத்தில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. திடீரென்று திறந்துவிட்டாலும் பிழைக்காது. வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

பச்சைமஞ்சள்:

ஜோடி சேர்ந்து முட்டை வைக்க ஆரம்பித்தால் கணவாய் ஓடு மட்டும் போதுமா டாக்டர்? போன முறை என் பெட்டை ஓடே இல்லாமல் ஒரு முட்டை வைத்தது. கணவாய் ஓடு கூண்டிலேயேதான் இருந்தது.

கூண்டுவைத்தியர்:

கால்சியத்தைத் தின்றாலும் அது உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும். வெறும் தினையில் அது கிடையாது, கால்சியமும் குறைவு, பாஸ்பரஸ்தான் அதிகம். கூண்டு வீட்டுக்குள் இருக்கிறதா? ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது, அதில் தேவையான புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். காலை வெயிலில் பாதி நிழல் இருக்கும்படி வெளியே வையுங்கள், பூனையும் காக்கையும் அண்டாமல். முருங்கைக்கீரை, அவித்த முட்டை கொஞ்சம் கொடுங்கள். முடிந்தால் மெதுவாகப் பெல்லட்டுக்கு (சத்துகள் கலந்த உருண்டைத் தீவனம்) மாற்றுங்கள். முட்டை வராமல் பெட்டை முக்கிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால் அது அவசரம், காத்திருக்க வேண்டாம்.

மாடிப்புறா:

முருங்கைக்கீரை புறாவுக்கும் கொடுக்கலாமா சார்? செங்கல் சட்டியை மட்டும் நான் எடுக்க மாட்டேன்.

கூண்டுவைத்தியர்:

கொடுக்கலாம், பொடியாக நறுக்கி. சட்டியை எடுக்க வேண்டாம், புறாவுக்கு அது வேண்டும். சூளைச் செங்கலாகப் பார்த்து உடையுங்கள், சிமென்ட் கல் வேண்டாம். மழைக்காலத்தில் சட்டியில் தண்ணீர் தேங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.